வெறும் செம்புக் குளியல்

எழுபதுகளில் எங்கள் தூத்துக்குடி வீட்டில் குளியலறை கட்ட வந்த கொத்தனாருக்கு எப்போதும் வாய் நிறைய ஆத்தூர் வெற்றிலை. முற்றத்தில் சுண்ணாம்பால் சின்னக் கட்டம் போட்டார்.

"துவைகல்லும் உள்ள வரணும். இல்லன்னா இவுக கிணத்தடியிலயே குளிக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"அண்ணாச்சி, கட்டத்துக்குள்ள உக்காந்து குளிங்க. தோணியில ஆள வச்சுத்தான் இடம் அளப்பாவ" என்றார் கொத்தனார்.

தெருவே பார்க்க, தண்ணீரில்லாத வெறும் செம்பைத் தலையில் கவிழ்த்துக் கவிழ்த்துக் குளித்தேன். முழங்கை கோட்டைத் தாண்டியது.

"கைய அடக்குங்க!"

கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தார். சோப்புக்குச் சுவரில் மாடம், உயரத்தில் ஜன்னல். கல்லோடு நானும் கடற்காற்றும் தாராளமாக அடங்கினோம்.

அடுத்த வீட்டில் கொத்தனார் டேப் பிடித்து அளந்தார்.

"இந்த வீட்டுக்காரரக் குளிக்கச் சொல்லலியா?"

"அவரு சொன்னா குளிக்க மாட்டாரே அண்ணாச்சி!"

இன்றும் எவ்வளவு பெரிய குளியலறையானாலும் கையை அடக்கித்தான் குளிக்கிறேன்.