குல்யாஷ் அண்ணி நாயைக் கொடுத்த கதை

குல்யாஷ் அண்ணியைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நாய்க் கண்காட்சிக்குப் போனாள், நாயைக் கொடுத்தாள், கொடுத்த நாயோடு திரும்பி வந்தாள். சொல்லிவிட்டு, பெரிய சூழ்ச்சிக்காரி என்று சிரிப்பார்கள். அன்று அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். கூடவே இருந்த எனக்கு எது சூழ்ச்சி, எது இல்லை என்று ரொம்ப நாள் விளங்கவில்லை. தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் விளங்கியதோ.

அவள் என் பெரியப்பா மகன் ஒராஸ்பெக்கின் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு கேகென் பக்கத்து மலைச்சரிவில் தனியாக ஆடு வளர்க்கிறாள். மகள் நகரத்தில் இருக்கிறாள், வந்துவிடு என்று ஓயாமல் போன் செய்கிறாள். அண்ணி போகாமல் இருப்பதற்குக் காரணம் அக்தோஸ் என்ற அந்த நாய்தான். பனி விழுந்தால் எங்கள் பக்கம் ஓநாய் பட்டி வரைக்கும் வரும். அக்தோஸ் இருக்கும்வரை அவள் ஆடு வைத்திருக்கலாம். அது இல்லையென்றால் ஆடுகளை விற்றுவிட்டு, மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற கார்களைப் பார்க்க வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்தோஸ் தோபெத் ஜாதி. எங்கள் மேய்ச்சல்காரர்களின் பழைய காவல் நாய். பானை மாதிரித் தலை, வெள்ளை மார்பு, கன்றுக்குட்டி உயரம். ஆனால் அண்ணியைக் கேட்டால், "அதுவா? திங்கறதுக்குன்னே பொறந்தது" என்பாள். எங்கள் மக்கள் யாரும் தன்னுடையதைத் தானே புகழ மாட்டோம், கண் பட்டுவிடும். அதற்காக அண்ணி அளவுக்கு யாரும் திட்டுவதும் கிடையாது. குதிரையை நொண்டி என்பாள். தான் எண்ணெயில் சுட்ட பவுர்சாக் ரொட்டியைக் கருங்கல் என்று சொல்லித்தான் தட்டில் வைப்பாள். மகளைக் கோணமூஞ்சி என்று சொல்லிச் சொல்லியே நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் அண்ணனை அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்பதை எழுத முடியாது. அவ்வளவு பிரியம்.

போன இலையுதிர் காலத்தில் அவளுடைய நாத்தனார் மகன் சன்ஜார் அல்மாட்டியிலிருந்து வந்தான். பெண் வழிப் பிள்ளை தாய்மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றாலே எங்களுக்குப் பயம்தான். அவன் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னால் வீட்டுக்கு ஆகாது. சிலர் நல்ல குதிரையை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கட்டிவிடுவதும் உண்டு. ஆனால் சன்ஜார் எதையும் கேட்கவில்லை. தோபெத் வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறானாம். சனிக்கிழமை கண்காட்சியாம். அக்தோஸைக் கூட்டிக்கொண்டு வந்தால் வெளிநாட்டு நடுவர் பார்த்து அசல் ஜாதி என்று சொல்லுவாராம்.

சொன்னால் என்ன ஆகும் என்று அண்ணி கேட்டாள். அசல் என்று தெரிந்துவிடும் என்றான். தெரிந்த பிறகு என்ன ஆகும் என்றாள். அவன் சங்கத்து அட்டையை எடுத்துக் காட்டினான். பிறகு மெல்ல, மைக்கில் மாமா பேரைச் சொல்லுவார்கள் என்றான். அண்ணி எழுந்துபோய் விசேஷத்துக்குப் போடும் வெல்வெட் சட்டையை வெயிலில் போட்டாள்.

அந்தக் கண்காட்சியை என்னவென்று சொல்வது? ஊர்க்கோடியில் ஒரு விளையாட்டு மைதானம். கயிறு கட்டிப் பிரித்த வட்டங்கள். ஒரு வட்டத்தில் நாய்க்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு ஆள் தன் நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகப் பாலாடைக்கட்டியைத் தன் வாயில் கவ்விக்கொண்டு நின்றான். அண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆடு எங்க, லாரிக்காரா?"

புகுந்த வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்ல மாட்டாள். எனக்கு அவள் வைத்த பெயர் அது. ஆடு கிடையாது என்றேன். விற்கிறார்களா என்றாள். விற்கவும் இல்லை என்றேன். பிறகு எதற்கு இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு மட்டும் தெரியுமா?

அவள் முறை வந்தது. நடுவர் வெளுத்த தாடிக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு நகரத்துப் பெண். பல்லைக் காட்டச் சொன்னார்கள். அக்தோஸ் வேற்று ஆளைத் தொட விடாது, அதனால் அண்ணியே உதட்டைத் தூக்கிக் காட்டினாள். காட்டும்போதே அவள் முகம் மாறியது. எங்கள் ஊரில் பல்லைப் பார்க்கிறவன் விலை பேசப் போகிறான் என்று அர்த்தம். நாய் எப்படி வேலை செய்யும் என்று அந்தப் பெண் கேட்டதும் அண்ணி கொட்டித் தீர்த்துவிட்டாள். இது கிழம், ஒரு காது செவிடு, ஓநாயைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றாள். நகரத்துப் பெண் அப்படியே மொழிபெயர்த்தாள். நடுவர் கவலையோடு நாயைப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே இருந்த நம் ஆட்கள்தான் சிரித்து, அந்த அம்மாள் கண் படக்கூடாது என்று பேசுகிறார், அதில் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விளக்கினார்கள்.

அடுத்து, நாயோடு வட்டத்தில் ஓட வேண்டும் என்றார்கள். அண்ணி பருத்த உடம்பு. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூட்ஸ் காலோடு தொப்புத்தொப்பென்று ஓடினாள். அக்தோஸ் கூட ஓடவில்லை, நின்றுவிட்டது. அது பிறந்ததிலிருந்து அண்ணி ஓடி அது பார்த்தது ஓநாய் வந்தபோது மட்டும்தான். அதனால் அது அண்ணிக்கு முன்னால் வந்து நின்று, தலையைத் தூக்கி, மார்பை விரித்து, பவுடர் பூசின நாய்களுக்கு நடுவில் ஓநாயைத் தேடியது. நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மற்றவர்கள் பாலாடைக்கட்டியைக் காட்டிக் கெஞ்சியும் வராத நிலை, இங்கே ஒரு கிழவி மூச்சிரைக்க ஓடியதில் வந்துவிட்டது.

ஒராஸ்பெக்கின் அக்தோஸ் முதலிடம் என்று மைக்கில் சொன்னார்கள். நடுவர் தன் காலத்தில் இப்படி ஒரு தோபெத்தைப் பார்த்ததில்லை என்றார். புகழப் புகழ அண்ணி நாயின் பக்கம் த்தூ த்தூ என்று துப்பிக்கொண்டே இருந்தாள். ஆனால் அண்ணன் பெயர் கேட்டபோது கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன்.

கோப்பையை அவள் கையில் கொடுத்து முடிக்கவில்லை, சன்ஜார் முன்னால் வந்து நின்றான். சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவன் முகத்தில் ஆசை பொங்கி வழிந்தது. கெட்டவன் இல்லை அவன். அன்றைய கூத்தில் தலை கால் புரியாமல் போயிருந்தான்.

"அத்தை, இதுவரைக்கும் உங்க வீட்ல நான் எதையும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். அக்தோஸைக் குடுங்க."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. இத்தனை பேர் முன்னால், முறை வைத்துக் கேட்டுவிட்டான். அண்ணி கோப்பையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். பிறகு சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"இது அசல் இல்லடா. இதோட ஆத்தா ரோட்டோர டீக்கடையில திரிஞ்ச நாய். அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது. ஊரையே ஏமாத்திட்டேன், பரிசைத் திருப்பி எடுத்துக்கங்க."

பச்சைப் பொய். அதன் தாயையும் தகப்பனையும் எனக்கே தெரியும். ஆனால் சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "அத்தை, கண்ணு படாது, பயப்படாதீங்க" என்று ஒருவன் அவள் தோளைத் தட்டினான். சற்று முன்னால் செவிடு, கிழம் என்று சொன்ன வாயை யார் நம்புவார்கள்? அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் இப்போது நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் கயிற்றை சன்ஜார் கையில் வைத்தாள்.

சன்ஜாரின் கார் பக்கத்தில்தான் நின்றது. அக்தோஸ் ஏறவில்லை. இழுத்தான், தள்ளினான், இறைச்சித் துண்டைக் காட்டினான். அது நாலு காலையும் ஊன்றி நின்று, அண்ணி என்ன சொல்லப் போகிறாள் என்று அவளையே பார்த்தது. அண்ணி முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நாய் பின்னால் தாவி ஏறியது. நான் கோப்பையையும் அவளுடைய பையையும் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். கார் போய்விட்டது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் லாரியைக் காட்டு வழியில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சன்ஜாரின் மனைவி போனில் அழுது சொன்னது. நாலாம் மாடிப் படியில் அக்தோஸ் படுத்துக்கொண்டதாம். அந்த வீடுதான் இனிமேல் பட்டி என்று அது முடிவு செய்துவிட்டது. இறங்குகிறவர்களை விடும், ஏறுகிறவர்களை விடாது. அஞ்சாம் மாடிக்காரர்கள் வேலை முடிந்து வந்தால் கீழே நின்று கத்த வேண்டும், அண்ணி வந்து நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஏற வந்த தபால்காரர் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். அண்ணி விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டையே எழுப்பி டீ போடுவாள், அந்த டீயை அவளே கழுநீர் என்று திட்டுவாள். தாய்மாமன் வீட்டுப் பெரியவள் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். எப்போது கிளம்புவீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் ஊர் காறித் துப்பும். அவளும் சொல்லவில்லை. குளிர்காலம் இங்கேதானே அத்தை என்று சன்ஜாரின் மனைவி மரியாதைக்குக் கேட்டால், அண்ணி எழுந்து டீப் பாத்திரம் கழுவப் போய்விடுவாளாம்.

இங்கே என் பாடு யாருக்குத் தெரியும்? அவள் ஆடுகளுக்கு நான் காவல். முதல் பனி விழுந்தது. ஓநாய் ஒரு பெட்டை ஆட்டைக் கொண்டுபோயிற்று. நான் சன்ஜாருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதித் திட்டு அண்ணிக்கு என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியில் அவனே இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கினான். கன்னம் ஒட்டிப் போயிருந்தான். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் இல்லை, வாங்கும் வழக்கமும் இல்லை. அதனால் பட்டி ஓரம் நின்று, நாய் என்னுடையதுதான், ஆனால் உங்களிடமே இருக்கட்டும் என்றான். அண்ணி தலையாட்டினாள். ஒரு ஆட்டை அறுத்து அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். ஊர் முழுக்கச் சிரிப்பு. பெண் வழிப் பிள்ளை வழக்கத்தை விருந்தாளி வழக்கத்தால் அடித்துவிட்டாள், கிழவிக்கு உடம்பெல்லாம் மூளை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் கோபத்தோடு. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

ஒருநாள் பட்டி வேலியைச் சரி செய்துகொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "காருல ஏறும்போதே இதெல்லாம் போட்டு வச்ச திட்டம்தானே, அண்ணி?"

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"திட்டமா? குடுத்தா குடுத்ததுதான், லாரிக்காரா. அக்தோஸ் ஏற மாட்டேன்னு நின்னான். கொண்டுபோய் அந்த வாசல்ல விட்டுட்டு சாயங்கால பஸ்ல வந்துடலாம்னு ஏறினேன்."

"அப்புறம் ஏன் வரல?"

அவள் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "தினமும் காலையில கிளம்புவேன். சத்தம் போடாம படி இறங்குவேன். வெளிக்கதவுகிட்ட போய்த் திரும்பிப் பாத்தா பின்னாடியே வந்து நிப்பான். அவனை மேல கொண்டுவந்து விடணுமேன்னு மறுபடி ஏறுவேன். அதுக்குள்ள டீ போடற நேரம் ஆயிடும்."

"தினமுமா?"

"தினமும்தான்" என்றாள். கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.