மீன் ஏலத்தில் செய்தித் தமிழ்

என் அத்தை வாயைத் திறந்தால் காசிமேட்டில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, பத்து மணிக்குள் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்று முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "இது கூடை. இது மீன். மீன் கூடையில் இருக்கிறது" என்று குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

எதிரே இருந்தவள் மாடியில் குடியிருந்த ஒடிசா அக்கா. அவள் புருஷன் கன்டெய்னர் யார்டில் வேலை செய்தபோது காலில் இரும்பு விழுந்து, கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். அவள் சம்பாதித்தால் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டும். அவளுக்குப் போக இஷ்டமில்லை. கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீனைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விற்பதற்குத் தமிழ்ப் பேச்சுதான் வராது. நான் கற்றுத்தருகிறேன் வா என்று அத்தை சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. நம்ம பேச்சு கலீஜ், அதைப் போய் வெளியூர்ப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதா? அதனால் என் தமிழ்ப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். டீவியில் செய்தி வாசிக்கிற பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டாள். நான் 'இன்னா' என்றால் முதுகில் ஒன்று வைப்பவளும் இவள்தான். நீ ஆபீசுக்குப் போகிற பெண், ஒழுங்காகப் பேசு என்பாள். அதையும் 'இன்னா' போட்டுத்தான் சொல்வாள். அந்த நியாயம் எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு மாதத்தில் குழப்பம் முற்றிவிட்டது. அத்தை மனசு நோகக்கூடாதென்று அக்கா புரியாததற்கும் தலையாட்டினாள். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று அத்தை பேச்சை வெட்டி வெட்டிச் சின்னதாக்கினாள். நடுவில் மீனை 'மாச்சோ' என்று ஒடியாவில் வேறு சொன்னாள். யார் யாருக்கு வாத்தியார் என்றே தெரியவில்லை. அவர்கள் இருவருக்கும் எல்லாம் விளங்கியது. எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

லீவு நாளில் ஒரு காலை, ஏலத்துக்கு நானும் போனேன். அத்தை வேண்டுமென்றே தள்ளி நின்றுகொண்டாள். சங்கரா மீன் கூடை வந்தது. ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, இந்தக் கூடையை நான் எடுத்துக்கொள்கிறேன்."

ஒரு பிழை இல்லை. ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் கூடை வேறொருத்தி கைக்குப் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

"இன்னாமே, நூஸு படிச்சுகினு கீறியா?" என்றாள் ஒருத்தி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா வெறுங்கூடையோடு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் வாங்குகிற வாக்கியம் அது.

அன்று அத்தை சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணை நானே கோமாளி ஆக்கிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். சாயங்காலம் புத்தகத்தை என் மடியில் எறிந்துவிட்டு, அக்காவை எதிரே உட்காரவைத்துத் தன் சொந்தப் பேச்சை எடுத்தாள். உரக்க, வேகமாக, ஒரு சொல்லைக்கூடக் கழுவித் துடைக்காமல். முதல் நாள் அக்கா மிரண்டாள். மூன்றாம் நாள் திருப்பிக் கத்தினாள். பத்தாம் நாள் ஏலத்தில், "யோவ் நைனா, நான் கேட்டுகினே கீறேன், எங்க பாக்குற? கூடைய இப்டி தள்ளு" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடை அவள் காலடிக்கு வந்தது. அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவளுக்கு நம் பேச்சு, எனக்கு மட்டும் புத்தகமா? வீட்டுக்கு வந்ததும் வேண்டுமென்றே, "அத்த, சோறு கீதா?" என்றேன். முதுகில் பளீரென்று விழுந்தது.

"அவ இங்கியே பொழைக்கணும்டி. உனுக்கு இன்னா தலையெழுத்து?"

என்னைவிட அவளைத்தான் அத்தைக்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அத்தையோடு பேசாமல் இருந்தேன்.

இப்போது எனக்குக் கிண்டியில் ஆபீஸ், பக்கத்திலேயே வீடு. அத்தை இல்லை. போன மாதம் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். தலை நரைத்த ஒடிசா அக்கா பக்கத்துக் கடைக்காரியைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். இது என்ன விலைங்க என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. சட்டென்று குரலைத் தாழ்த்தி, எங்கள் வாசலில் கேட்ட அதே குழைவோடு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"மேடம், இந்த மீன் மிகவும் நன்றாக இருக்கிறது."

வெளியூர்க்காரர்களுக்கென்று அவள் பத்திரமாக வைத்திருந்த தமிழ் அது. நான் இங்கே பிழைக்காமல் வெளியே போய்விட வேண்டும், அத்தையின் அடிக்கு இதுதான் அர்த்தம் என்று பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தத் தமிழில் சொல்வதென்று தெரியவில்லை.