டி.பி. நிறுத்தம்

அறுபதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்தில் டி.பி. என்றால் டிராவலர்ஸ் பங்களா. சீசனுக்கு வரும் அதிகாரிகள் அங்கே தங்குவார்கள். தென்காசி பஸ் அதன் வாசலில் நிற்கும். எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டெழுத்துக்கு வேறு பொருள் வந்த பிறகு அப்பா அதை வாயால் சொல்வதில்லை.

அக்காவைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். இருமலில் ரத்தம் கண்டதும் மாமியார் அவளைத் தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்; கூடவே அவளுடைய டிரங்குப் பெட்டியையும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் காசநோய் என்று சொல்லவில்லை, டி.பி. என்றார். தெருவுக்குத் தெரியக் கூடாதென்று அப்பா குற்றாலத்தில், அந்தப் பங்களாவுக்குப் பின்னால், சிறிய வீடொன்றை வாடகைக்குப் பிடித்து அம்மாவையும் அக்காவையும் அங்கே வைத்தார். நானும் அவரும் வாரம்தோறும் பஸ்ஸில் போவோம்.

“பங்களாவுக்கு ரெண்டு டிக்கெட்.”

“எந்தப் பங்களா அண்ணாச்சி? இங்கன தடுக்கி விழுந்தா பங்களாதான். டி.பி.யா?”

அப்பா தலையை மட்டும் அசைப்பார்.

ஊசிகள் முடிந்தன. சளியில் இப்போது கிருமி இல்லை, கணவன் வீட்டுக்குப் போகலாம், ஆனால் மாத்திரையை இன்னும் பல மாதம் விடக் கூடாது என்றார் டாக்டர். அப்பா சிவகிரிக்குச் சொல்லியனுப்பினார். சாரல் நாளொன்றில் மாமியாரும் அத்தானும் வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டே வந்திருந்தார்கள். அத்தானின் தோளில் ஈரத்துண்டு கிடந்தது.

“நெஞ்சுச்சளின்னுதான் ஊர்ல சொல்லிவச்சிருக்கோம்” என்றார் மாமியார். “அப்படியே இருக்கட்டும். ஆனா ஏட்டி, மாத்திரை கீத்திரை எதுவும் அங்கன வரக் கூடாது. பாக்குதவ என்னன்னு கேப்பா. எனக்குக் கட்டிக்குடுக்க ஒரு மக இருக்கா.”

“விட்டா திரும்ப வந்துரும்னு டாக்டர் சொல்லுதாரு அத்தை.”

“டாக்டரா எம்மவளுக்கு மாப்பிள்ள பாக்கப் போறாரு?”

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப நான் வரல. யாரும் கேட்டா டி.பி.ன்னே சொல்லுங்க” என்றாள்.

அப்பா முன்னிலையில் அந்தச் சொல்லை அவ்வளவு சாதாரணமாக யாரும் சொன்னதில்லை. வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

மழைக்காலம் முடியும் முன்பே, அத்தானுக்கு இலத்தூரில் பெண் பார்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பா அதை அக்காவிடம் சொன்னபோது அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு, “சரிப்பா” என்றாள்.