வீரமுத்துவைத் தேடிப் போன ஆடி அமாவாசை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர் வேலை, கையால் தொட முடியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த சமயம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். இருமலில் படுத்த அப்பா பாயைவிட்டு எழவேயில்லை. அவருக்கு ஒரே குறை. அவருடைய அப்பா வீரமுத்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வந்தவர். மனைவி பிரசவத்தில் போனாள், மூன்று வருஷம் கழித்துக் காய்ச்சலில் அவரும் போனார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது என்பார்கள். அப்பாவைத் தோட்டத்து ஜனங்கள்தான் வளர்த்தார்கள். பெற்றவர் முகம் அவருக்கு நினைவேயில்லை.

“எங்கப்பாவ எங்க பொதைச்சாங்கன்னு தெரியாம நான் எப்படிடா கண்ண மூடுவேன்? ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்.

ஆடி அமாவாசைக்கு லீவு போட்டுக் கிள்ளானுக்கு ரயிலேறினேன், அங்கிருந்து மாட்டு வண்டி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பழைய பெயர்ப் புத்தகம் எல்லாம் கரையான் தின்றுவிட்டது என்றார். “காப்பிக் காலத்து இடுகாடு அந்தப் பக்கந்தான் தம்பி. இப்ப எல்லாம் ரப்பரு” என்று கையைக் காட்டினார்.

போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாக ரப்பர் மரம், ஒரு கல் இல்லை, ஒரு மேடு இல்லை. உச்சி வெயில். இலை போட்டுச் சோறு வைத்து, பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். காக்கை வரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமும் வந்தது. இடுகாட்டில் நின்று யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது, நம்மில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் கூப்பிட்டேன்.

“எங்க கெடக்கிறீங்கன்னு தெரியல தாத்தா. உங்க மகன் உங்களையே நெனச்சிக்கிட்டுக் கெடக்கிறாரு. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டிக்காரர் சாலையைப் பார்த்தபடியே, “பின்னால இருக்கிறவர கொஞ்சம் முன்னால தள்ளி உக்காரச் சொல்லுங்க தம்பி, பாரம் பின்னுக்கு இழுக்குது” என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பின்னால் நாலு பிடி வைக்கோல்தான் கிடந்தது. மனுஷன் கள்ளுக்கடைப் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் என்ன சொல்வது? பலா மரத்தடியில் கல் நட்டிருக்கிறது என்று ரயிலிலேயே ஒரு பொய்யை ஜோடித்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். வாயைத் திறக்குமுன் அப்பா எனக்குப் பின்னால் பார்த்தார்.

“அவர ஏன்டா வாசல்லயே நிக்க வச்சிருக்க? உள்ள கூப்பிடு.”

“யாரப்பா?”

“எங்கப்பாடா” என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, “உன்னைவிடச் சின்னவரா இருக்காரு” என்றார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு. கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற என் மனைவி கண்ணுக்கு வாசலில் யாரும் தெரியவில்லை. அப்பா பொய்யும் கேட்கவில்லை, நிஜமும் கேட்கவில்லை. சுவரோரமாக நகர்ந்து, பாயில் பாதி இடம் விட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கிப் படுத்தார். அன்று அவர் இருமவேயில்லை.

காலையில் எழுப்பப் போனேன். உடம்பு சில்லிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. குனிந்தபோது தடுமாறி, காலியாயிருந்த பாதியில் கையை ஊன்றினேன். பாய் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல.