அண்ணன் தலைக்கு மேல் தெரியும் ஜோடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அச்சகத்திலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில் எங்கள் அண்ணன் அவர்களின் தலைக்கு மேல் ஜரிகை வேலை செய்த ஜோடு போட்ட கால்கள் இரண்டு தெரிகின்றனவே, அவை யாருடையவை?

அவை அண்ணனுடையவை அல்ல. அண்ணன் ஆயுள் முழுதும் டயர் செருப்புதான் போட்டார், அதுவும் வெயில் காலத்தில் மட்டும். அந்தக் கால்களுக்கு மேலே இருந்த ஆளை வெட்டிவிட்டோம். கால்களையும் வெட்டினால் அண்ணனின் நெற்றி போய்விடும் என்று அச்சுக்குப் பிளாக் செய்பவர் சொன்னார். நெற்றி வேண்டும் என்று அண்ணி சொன்னார். வேறு படம் கிடையாது. ஆகவே அந்த ஆள் யார், எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தார், அவரால் அண்ணனின் ஒரே மகள் சரோஜாவின் கல்யாணம் எப்படி நிற்கப் பார்த்தது என்பதை எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காரியத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். இருநூறு பேரை எதிர்பார்க்கிறோம்.

அண்ணன் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில், ஒரு சாண் நிலமும் இல்லாத குடும்பத்தில் பிறந்தார். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்ன மாமாவிடம் அண்ணன், "அவனுக்கு எண்ண வருது மாமா. எண்ணிக்கினு கெடக்கட்டும். கூலிக்கு நான் ஒருத்தன் போதும்" என்றார். நானும் எண்ணிக்கொண்டே இருந்து, திருப்பதியில் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றேன். அண்ணன் கூலி செய்தார், குத்தகை எடுத்தார், கரும்பு போட்டார், வெல்லம் காய்ச்சினார். ஐம்பது வயதில் சொந்த நிலமும் தளம் போட்ட ஒரு மெத்தை வீடும் அவருக்கு அமைந்தன. சரோஜா, கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை.

மெத்தை வீடு கட்டியதும் ஒரு குறை தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதைக் கூடத்துச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டில் கண்ணாடி போட்ட சாமி படங்கள் ஒன்பது. வெல்லத் தரகர் வீட்டில், அவர் ஒரு மோட்டார் காரின் மேல் கை வைத்து நிற்கும் போட்டோ இருந்தது. காரின் சொந்தக்காரருடைய முழங்கையும் அதில் விழுந்திருந்தது. அண்ணன் வீட்டில் ஒரு ஜவுளிக்கடை காலண்டர், அதுவும் போன வருடத்தது.

"செவுரு மொட்டையா கீதுப்பா" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜமீன்கள் ஒழிந்து, ஒரு ஜமீன் பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஜமீனின் பெயர் வேண்டாம். வாரிசுகள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் வக்கீல். அண்ணன் வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஒன்று எடுத்துவரப் போனார். திரும்பி வந்த வண்டியில் கொப்பரை இல்லை. ஆறடி உயரத்தில் எண்ணெய்ச் சாயப் படம் ஒன்று படுத்திருந்தது.

"கொப்பரை எங்கண்ணே?" என்றேன்.

"அதுக்குப் போட்டி அதிகம்டா. இத யாருமே கேக்கல. ஏலக்காரன் ‘ஒகடோ சாரி, ரெண்டோ சாரி’ன்னு தெலுங்குல ஒரு தரம், ரெண்டு தரம் போட்டுத் தொண்ட கிழிய கத்திக்கினு கீறான், இந்த ஆளு அத்தினி பேரையும் பாத்துக்கினே நிக்கறான். பாவமா பூடுச்சி."

படத்தில் இருந்தவர் ஜமீன்தார்களில் ஒருவர், எங்கள் தாத்தா காலத்தவர். மோதிரம் ஆறு, கோட்டில் பொத்தான் பதினொன்று, முத்துச்சரம் மூன்று, காலடியில் புலித்தோல் ஒன்று. புலிக்கு மட்டும் பல் இரண்டு குறைவு. கூடத்தில் எங்கே நின்றாலும் அந்தக் கண்கள் நம்மையே பார்க்கும். "நான் சாணி மெழுகறப்பகூட பாக்கறான் தம்பி, ஒரு வேலைக்காவது எந்திரிச்சி போறானா பாரு" என்று அண்ணி குறைப்பட்டார். ஆனாலும் கூடத்தைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போவார்.

முதலில் அதைப் பார்த்தவர் வெல்லத் தரகர். "உங்க தாத்தாவா?" என்று கேட்டார். அண்ணன் வாயில் வெற்றிலை இருந்தது. தலையை ஒரு தினுசாக அசைத்தார். அது ஆமா என்பதா இல்லை என்பதா என்று அருகில் இருந்த எனக்கே தெரியவில்லை. தரகருக்குத் தெரிந்துவிட்டது. அன்று முதல் அவர் எங்கள் வீட்டில் உட்காருமுன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வெல்லத்தின் விலை ஏறியது. ஊரார் அண்ணனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குக் கதம்பம் ஏறியது.

"நம்ம தாத்தா யாருன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்டா. நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. அவங்களா துண்ட எடுக்கறாங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

பிறகு ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற தகராறு எழுந்தது. ஒரு நாள் தமிழ்ப் பக்கத்துக் கமிட்டிக்காரர்கள் பத்திரிகை போட்டோகிராபரோடு வந்து, "இத்தனை பழமையான தமிழ்க் குடும்பம் இங்கே இருப்பது உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்கள். அண்ணனைப் படத்துக்குக் கீழே முக்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் பக்கத்தில் நீங்கள் காண்பது அதுதான். அடுத்த வாரம் தெலுங்குப் பக்கத்துக் கமிட்டி வந்தது. அவர்களும் படத்தைப் பார்த்தார்கள். "இதி மன தலபாகா காதா!" என்று படத்திலிருந்த தலைப்பாகையைக் காட்டி, இது நம்முடையதல்லவா என்று சந்தோஷப்பட்டார்கள். அதே முக்காலி, அதே ஜோடு, வேறு பத்திரிகை. அண்ணன் இரண்டு கமிட்டிக்கும் மோர் கொடுத்தார். "எம் மாட்டுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்பா. எந்தப் பக்கம் போட்டாலும் ஏர் ஓடும்" என்பதே அவருடைய கொள்கை.

பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து சரோஜாவைக் கேட்டு ஆள் வந்தது. நல்ல குடும்பம், நெல்லும் நிலக்கடலையும் விளைகிற நிலம். பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். சரோஜாவுக்கு ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. பையனைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாள் என்றும் அவளுக்கு இஷ்டம் என்றும் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார். இதுவும் போனால் அவள் வேறு யாரையும் பார்க்கச் சம்மதிக்கமாட்டாள் என்றும் சொன்னார்.

பெண் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் தரகர், கர்ணம், தமிழ்க் கமிட்டிச் செயலாளர் ஆகியோர் இருந்தனர். பையனின் தகப்பனார் கூடத்துக்குள் கால் வைத்தார், படத்தைப் பார்த்தார், நின்றுவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. காப்பி வந்தது, தொடவில்லை.

"இவரு யாரு?" என்றார்.

"எங்க தாத்தாங்க" என்றார் அண்ணன். வாயில் வெற்றிலை இல்லாமல் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பத்திரிகையில மூஞ்சி ஒரே மை அப்பிக் கெடந்துச்சி" என்று அவர் தம் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "கெளம்புங்கப்பா."

எல்லோரும் எழுந்துவிட்டோம். கர்ணம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஜமீன் கச்சேரி ஆபீசுல நெலவரி கிஸ்தி கட்டப் போறப்பல்லாம் இந்தப் படத்துக்குக் கீழதான் எங்கள நிக்க வெப்பாங்க. எனக்கு இந்த மூஞ்சி மறக்குமா? எங்க தாத்தா ஒரு வருசம் கிஸ்தி கட்ட முடியலன்னு புளியமரத்துல கட்டிவெச்சி, அந்த மோதிரக் கையாலயே அறைஞ்சான் இந்த ஆளு. தாத்தா கன்னத்துல வடு இருந்துச்சி. சின்னப் புள்ளயில நான் தடவிப் பாத்திருக்கேன்." அண்ணன் பக்கம் திரும்பினார். "ஒங்க மேல கோவம் இல்லீங்க. பொண்ணும் நல்ல பொண்ணு. ஆனா இந்த ரத்தத்துல நாங்க பொண்ணு எடுத்தா எங்க தாத்தா சுடுகாட்டுலேர்ந்து எந்திரிச்சி வருவாரு."

அண்ணன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் துண்டைக் கையில் வைத்திருந்த தரகர், இன்னொரு பக்கம் கமிட்டிச் செயலாளர். தாத்தாவை விட்டால் இத்தனை வருடத்துப் பெரிய மனிதத்தனம் போகும், பிடித்துக்கொண்டால் மகளின் வாழ்வு போகும். உள்ளே சரோஜாவின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. வந்தவர்களில் நான்கு பேர் செருப்பு மாட்டிவிட்டார்கள்.

அண்ணிதான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "ஏங்க, ஏலத்துல எடுத்ததுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"ஏலமா?" என்றார் தரகர்.

"கொப்பரை வாங்கப் போனேங்க" என்றார் அண்ணன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "கொப்பரை வாங்கப் போயி இத வாங்கிக்கினு வந்தேன். இவரு எங்க தாத்தா இல்ல. எங்க தாத்தா இவருக்குப் பல்லக்கு தூக்கினவரு. எட்டு பேருல ஒருத்தரு. இந்தப் படம் எழுதறப்ப அவரு வெளியில பல்லக்குகிட்ட நின்னுக்கினு இருந்திருப்பாரு. அவருக்குப் படம் ஏதுங்க."

தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கமிட்டிச் செயலாளர், "அப்ப பத்திரிகையில வந்தது?" என்று ஆரம்பித்தார். கர்ணம் அவருடைய காலை மிதித்தார். பையனின் தகப்பனார் படத்தையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காப்பி ஆறிப்போச்சா?" என்றார்.

"வேற போட்டுத் தர்றோம்" என்று உள்ளேயிருந்து இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.

"பல்லக்குத் தூக்கினவருக்குக் கூலியாவது குடுத்தானா?"

"எங்க குடுத்தான்! ஒரு வேள கூழு. அதையும் நிறுத்திட்டான்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் இவன்கிட்ட ஒரே பாக்கிதான்" என்று சொல்லி அவர் சிரித்தார். கல்யாணம் முடிவானது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "சீர்வரிசையில இந்த ஆளையும் சேத்து அனுப்புங்க. எங்க மாட்டுக்கொட்டாயில ஒரு செவுரு காலியா கீது."

அப்படியே அனுப்பினோம். கட்டில், பீரோ, பதினெட்டுப் பாத்திரங்களோடு ஜமீன்தாரும் வண்டியில் மல்லாந்து போனார். தரகர் வெல்லத்தின் விலையைப் பழையபடி குறைத்தார். பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதை மட்டும் ஊரார் நிறுத்தவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யார் கேமராவை எடுத்தாலும் அண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அதனால்தான் வேறு படம் இல்லை.

பிறகு எல்லை முடிவானது. சரோஜா வாழ்க்கைப்பட்ட ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். போன தை மாதம் பேரனைப் பார்க்க அண்ணனும் நானும் போனபோது, ஜமீன்தார் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இருந்தார். கொட்டகை ஒழுகியதால் தற்காலிகமாக மாட்டியதாம். மழை நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. படத்தைத் துடைத்திருந்தார்கள். புலியின் பல்கூடப் பளிச்சென்று இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ரெவினியூ அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்தார், அண்ணாந்து பார்த்தார், தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருங்க இது?"

சம்பந்தி எங்களைப் பார்க்கவில்லை. "நம்ம மருமவ வீட்டுப் பெரியவரு" என்றார். காது சிவந்துவிட்டது.

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க தாத்தாவுக்கு..."

நான் அண்ணனின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் சம்பந்தியை ஒரு முறை பார்த்தார். கதவருகில் குழந்தையோடு நின்ற சரோஜாவையும் பார்த்தார். "எங்க தாத்தா இல்லாம இவரு எங்கயும் போவ மாட்டாருங்க" என்றார். சம்பந்தி அவசரமாக இலை போடச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன், "நான் பொய் ஒண்ணும் சொல்லலியேடா?" என்று கேட்டார். வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன்.

வெல்லம் காய்ச்சிய களைப்பில் காய்ச்சல் என்று படுத்த அண்ணன் ஐந்தாம் நாள் காலை எங்களைவிட்டுப் போனார். கடைசியாக அண்ணியிடம், பாகு இறக்கியாச்சா என்று கேட்டார்.

சித்தூரிலிருந்து இருமுறை வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், எங்கள் வீட்டு அடுப்பைத் தாங்களே பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விலை குறைத்தவராயினும் முதல் ஆளாக மாலையோடு வந்த தரகருக்கும் வணக்கம்.

சம்பந்தி அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினேழு பேரோடு வந்தார்கள். பாடையின் முன்பக்க வலது மூலையைப் பிடித்தவர் சுடுகாடு வரை ஒன்றரை மைலும் விடவில்லை. மற்ற மூன்று மூலைகளில் பதினோரு பேர் மாறினார்கள். உங்களுக்கு வயது அறுபத்து நான்கு, மாற்றிக்கொள்ளுங்கள் சம்பந்தி என்று மூன்று தடவை சொன்னேன். "நீ எண்ணிக்கினு வா. நான் தூக்கிக்கினு வரேன்" என்றார்.

அந்தத் தோள் இன்னும் வீங்கியிருப்பதாக நேற்று சேதி வந்தது. சரோஜா, கல்லுப்பை வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, காலையும் மாலையும் ஒத்தடம் கொடு அம்மா. ஒன்றும் இல்லை, போ என்பார். அதைக் காதில் வாங்காதே.