முத்துவேல் அண்ணன் கேட்ட பாட்டு

தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, முத்துவேல் பெரியப்பா செத்துப் போயிட்டாங்க." அதோடு, "இனி கூத்துக்கு யாருப்பா பாடுவாங்க?" என்றாள். பஸ் வந்தது, நான் ஏறாமலே போனது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசிதோறும் மன்மதனைச் சிவன் எரிக்கும் காமன் கூத்து நடக்கும்; அதில் அண்ணன்தான் பாட்டு. மன்மதன் பெண்டாட்டி ரதி வேஷமும் ஆண்கள்தான் கட்டுவது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னைப் பார்த்து, "மீசைய எடுத்தா நீ லட்சணமா இருப்படா" என்றார் ஒரு நாள். நானும் நம்பினேன். அன்றிலிருந்து நான்தான் ரதி.

பாடுவதற்கு முன்னால் அவர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் ஒதுங்கி ஒரு கஞ்சா பீடி இழுப்பது தோட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். "அது இல்லேன்னா பாட்டு வராது தம்பி. இழுத்தா, மன்மதன் எரியிறது கண்ணு முன்னால தெரியும்" என்பார். மறுநாள் மலைக்கு வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடப்பார். "எரிஞ்சது மன்மதனா, நீங்களா?" என்று அண்ணி கேட்பது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்.

ஒரு வருஷம் என் ஆட்டத்தைக் கிண்டல் பண்ணவென்றே மகள் போனில் படம் பிடித்தாள். மறுநாள் சாயங்காலம் அண்ணன் தேத்தண்ணி குடிக்க வந்தார். "நேத்து மாதிரி நான் பாடினதே இல்ல" என்றார். மகள் போட்டுக் காட்டினாள்.

படத்தில் அண்ணன் ஓர் அடியை இழுக்கிறார், இழுக்கிறார், முடிந்தபாடில்லை. தப்பு அடிப்பவர்கள் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவிழும் சேலையை ஒரு கையில் பிடித்தபடி நான் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். பாடிய அடியையே மறுபடியும் பாடுகிறார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"திரும்பப் போடு பாப்பா."

பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்ட அந்த பீடி நல்லாக்கல தம்பி. எனக்குக் கேக்குறதத்தான் நல்லாக்கியிருக்கு."

அடுத்த மாசிக் கூத்தில் அவர் பீலிக்கரைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வரலேன்னா என்னடா பண்றது? அது இல்லாம நான் பாடினதே இல்லையே."

முதல் அடியிலேயே குரல் நின்றுவிட்டது. தப்பும் நின்றது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் காதருகே போய், "அண்ணே, எம்புருஷன் எரிஞ்சிட்டான். நான் அழுவணும். பாடுங்க" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு குரலும் வந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்று என் சேலையும் அவிழாமல் நின்றது.

அன்று மகள் பிடித்த படத்தையும் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறப்ப பழைய சந்தோஷம் இல்ல தம்பி. அப்பல்லாம் எம்பாட்டு எனக்கு சொர்க்கமா கேட்டுச்சு" என்றார். பீடியை அடியோடு விட்டார் என்று எழுதமாட்டேன். அண்ணி இதைப் படிப்பார். ஆனால் பாட்டுக்கு முன்னால் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். ஆடி முடித்ததும் "காட்டு பாப்பா" என்று போய் நிற்பேன். ஒரு பீடியும் இழுக்காமலே, ரதியாகவே ஆடிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு. போனிலோ, சேலை கட்டிய தடியன் ஒருவன் குதிக்கிறான். அழித்துவிடு என்று சொல்ல வாயெடுப்பேன். அவனுக்குப் பின்னால் அண்ணன் பாடிக்கொண்டிருப்பார்.