பாதியில் காய்ந்த வானம்

மகளுக்கு வாட்டர்கலர் டப்பா வாங்கிக் கொடுத்ததிலிருந்து வீட்டில் சண்டைதான். நேற்று தாள் முழுக்க வானம் தீட்டிக்கொண்டிருந்தவள், பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனாள். "போகாதடி, கோடு விழும்" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு வானத்துக்கா இவ்வளவு என்று நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன்.

சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் ஒன்றில் தங்கி நான் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று வேலைபார்த்த நாட்களில், எஸ்தர் என் அறைத்தோழி. செய்யாறு பக்கத்துப் பெண். யூடியூப் பார்த்துப் படம் பழகியவள், ஷிஃப்ட் முடிந்த மத்தியானங்களில் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். பிளைவுட் பலகையில் தாளை ஒட்டி, தலைப்பக்கம் டிபன்பாக்ஸ் வைத்துச் சாய்ப்பாள். மேலே பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. அடியில் திரளும் கலர்த்தண்ணீரை அடுத்த இழுப்பு வாங்கிக் கீழே இறக்க வேண்டும். காய்வதற்குள் அடிவரை போய்விட வேண்டும், நடுவில் நின்றால் அங்கே கோடு விழுந்துவிடும். எனக்குப் பட்டைபட்டையாகத்தான் வரும். "இன்னாடி, வானத்துக்கு சுண்ணாம்பா அடிக்கிற?" என்பாள்.

பெண்டாட்டியை அடித்தே விரட்டிய ஒருத்தனுக்கு எஸ்தரைப் பேசி முடித்திருந்தான் அவள் அண்ணன். மாட்டேன் என்றதற்கு பெல்ட்டால் விளாசியிருந்தான். முதுகில் தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அதிசயமாக எனக்கு வானம் பட்டை விழாமல் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கதவில் உதை விழுந்தது. அவள் அண்ணன்தான்.

"வெளிய வாடி. இன்னிக்கு உன்ன இட்டுகினு போவாம வுடமாட்டேன்."

"நீ நிறுத்தாத, காஞ்சிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எஸ்தர் எழுந்தாள். அதற்குள் தாழ்ப்பாள் பிய்ந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். உதடு கிழிந்தது. அவள் கத்தவேயில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "வரமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த விரல்கள் மேலேயே கதவை அறைந்து சாத்தினான்.

பல்லிக்கே ஒதுங்கிப்போகிறவள் நான். பலகையைத் தூக்கி, விளிம்பால் அவன் மூக்கில் இறக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. பாவமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். சட்டையெல்லாம் நீலமும் ரத்தமுமாக மாடிப்படியில் விழுந்தடித்து ஓடினான்.

கட்டுப்போட்ட கையோடு எஸ்தர் மறைமலை நகர்ப் பக்கம் வேலை மாறிப் போனாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாதென்று மாற்றிய நம்பரை எனக்கும் சொல்லவில்லை. அவன் அடித்துக் கேட்டால் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பாள். நியாயம்தான்.

லாட்ஜை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. பாதிவரை நல்ல வானம், அப்புறம் அந்தக் கோடு, கீழே வெள்ளை. அந்த விரல்கள் மறுபடி பிரஷ் பிடித்தனவா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.